அமோனியா என்று நான் வைத்த பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் இது நடந்தது. ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் கிளைகளோடு நிற்கும் காலம் அது. மற்ற மாதங்களில் என் வீட்டு விறாந்தையிலிருந்து பார்த்தால் கீழே பச்சையைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. அந்த ஒரு மாதம் மட்டும் சரிவு முழுவதும் தெரியும். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைகள் தெரியும், அங்கிருந்து என் வீட்டுக்கு ஏறிவரும் ஒற்றையடிப் பாதை தெரியும், அதில் யார் வருகிறார்கள் என்பதும் தெரியும். இலை இருந்திருந்தால் நான் அதைப் பார்த்திருக்க மாட்டேன். பார்க்காமல் இருந்திருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியும் இருக்க மாட்டேன்.

நான் அந்தத் தோட்டத்தில் பிறந்து, கேகாலையில் படித்து, விஞ்ஞான ஆசிரியராகி, தோட்டப் பாடசாலைகளிலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவன். எழுபதைத் தாண்டிவிட்டேன். சொல்லப் போவது என் தம்பியைப் பற்றி.

அவனுக்குப் பிறவியிலேயே ஒரு குறை இருந்தது. சிறுவனாக இருந்தபோது தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். இரத்தம் நிற்கவில்லை. அம்மா துவாயை மாற்றி மாற்றி அவன் வாயில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் ரப்பர் பால் ஏற்றும் லொறியில் அவனைக் கிடத்தி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கேதான் விஷயம் தெரிந்தது. இரத்தத்தை உறைய வைக்கும் காரணிகளில் ஒன்று அவன் உடம்பில் குறைவு. முற்றாக இல்லாமல் போகவில்லை, குறைவு. தாய்வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருகிற நோய். ஒரே தாயின் இரண்டு பையன்களில் ஒருவனுக்கு வந்து மற்றவனுக்கு வராமலும் போகலாம் என்றார் அந்த டாக்டர். அந்த மற்றவன் நான்.

அதனால் அப்பா அவனைப் பால்வெட்டும் கத்தியைத் தொடவே விடவில்லை. கொஞ்சம் வளர்ந்ததுமே ரப்பர் ஸ்டோரில் வேலைக்குச் சேர்த்தார்கள். மலையிலிருந்து வருகிற பாலை வடிகட்டித் தட்டுகளில் ஊற்றி, அளவாக ஆசிட் கலப்பது அவன் வேலை. ஆசிட் பட்டதும் பால் தயிர்போலக் கட்டிக்கொள்ளும். பிறகுதான் அதை உருட்டி ஷீட் போடுவார்கள். ஆனால் மலையில் வாளியில் இருக்கும்போதே பால் கட்டிவிட்டால் எல்லாம் வீண். அப்படிக் கட்டாமல் இருக்க வாளியில் சில சொட்டு அமோனியா விடுவார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும்.

நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். இரசாயனவியல் தலைக்கு ஏறியிருந்த காலம். லீவில் வந்தவன் ஸ்டோருக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஊர்ப் பாலையெல்லாம் கட்ட வைக்கிறான், இவன் ரத்தம் மட்டும் கட்டாது. பொறக்கும்போதே யாரோ அமோனியா ஊத்தி விட்டுட்டாங்கடா!"

ஸ்டோரே சிரித்தது. தம்பியும் சிரித்தான். அன்றிலிருந்து அவன் பெயர் அமோனியா. காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை அப்படித்தான் கூப்பிட்டார். பஜாரில் சிங்களக் கடைக்காரர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பிற்காலத்தில் போன் எடுத்தால் அவனே, "அண்ணே, அமோனியா பேசுறேன்" என்பான். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. நான் வைத்த பெயர் நிலைத்துவிட்டது என்று.

ஒன்பது பத்து வருடங்களுக்கு முன் எனக்கு மாரடைப்பு வந்தது. மத்தியான நேரம், சோற்றில் கை வைத்தபடியே சாய்ந்துவிட்டேன். என் மனைவி போட்ட சத்தம் கீழே லயம் வரை கேட்டிருக்கிறது. தம்பி வெறுங்காலோடு ஓடி வந்தான். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதுகில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினான். கல்லில் இடித்து அவன் கட்டைவிரல் நகம் பெயர்ந்திருந்தது. அவனுக்கு அது சாதாரணக் காயம் இல்லை. ஆஸ்பத்திரியில் என்னைக் கட்டிலில் ஏற்றிய பிறகுதான், அவன் கால் பட்ட இடமெல்லாம் சிவப்பாக இருப்பதை நர்ஸ் ஒருவர் பார்த்தார். அன்று அண்ணன் தம்பி இருவரையுமே ஆஸ்பத்திரியில் தங்க வைத்தார்கள்.

நான் பிழைத்தேன். இதயக் குழாயில் கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருந்தது, அந்த ஒடுங்கிய இடத்தில் இரத்தம் கட்டியாகி அடைத்துவிட்டது என்று விளக்கினார்கள். இரத்தம் கட்டாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அந்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியிடம் சொன்னேன்.

"பார்த்தியாடா, எனக்கு மாத்திரை குடுத்து ரத்தத்த இளக்குறாங்க. ஒனக்கு ஆண்டவன் சும்மாவே இளக்கி வச்சிருக்கான். ஒனக்கு இந்த சென்மத்துல நெஞ்சு அடைக்காது."

"அப்ப நான் நூறு வயசுண்ணே" என்றான்.

பகிடியாகச் சொன்னதுதான். ஆனால் சொல்லச் சொல்ல அது எனக்கே ஒரு சித்தாந்தம் ஆகிவிட்டது. தெரிந்தவர்கள் வந்தால் அதையே விளக்குவேன். மாரடைப்பு என்றால் இரத்தக் கட்டி, என் தம்பிக்கு இரத்தம் கட்டாது, ஆகவே அவனுக்கு மாரடைப்பு இல்லை. கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். விஞ்ஞான வாத்தியார் சொன்னால் யார் மறுப்பார்கள்?

ஸ்டோரில் ஓய்வு பெற்ற பிறகு தம்பி தினமும் பின்னேரம் மேலே ஏறி வருவான். இருவரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு டிவியில் செய்தி பார்ப்போம். அந்தத் தை மாதத்திலிருந்து அவன் பாதையில் நின்று நின்று வந்தான். கேட்டால், "மேட்டுல ஏறுனா நெஞ்ச அமுக்குதுண்ணே. நின்னா சரியாகிடுது" என்றான். நான் அதை வயசு என்றேன். பிறகு வாயு என்றேன். இஞ்சித் தேத்தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

ஒரு நாள் காலையில் பஜாருக்குப் போக இறங்கினேன். லயத்து முன்னால் ஆட்டோ நின்றது. தம்பி சட்டையெல்லாம் போட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி தண்ணீர்ப் போத்தலும் அவனுடைய பழைய கிளினிக் கொப்பியுமாக வெளியே வந்தாள்.

"எங்க பயணம்?" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குங்க மாமா. நேத்து குளிக்கப் போயிட்டு வரயிலயும் நெஞ்ச அமுக்கியிருக்கு. எடது கைக்கெல்லாம் எறங்குதாம்."

"அதுக்கு ஆஸ்பத்திரியா? இவனுக்கு நெஞ்சு அடைக்காதும்மா. அடைக்கணும்னா ரத்தம் கட்டணும். இவனுக்கு எங்க கட்டுது?"

தம்பி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். "நான் சொன்னேன்ல. இவ கேட்டாதானே."

"அப்ப வலி எங்கருந்து வருதுங்க மாமா?" என்று கேட்டாள் அவள்.

சரியான கேள்வி அது. என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் தட்டிக் கொடுத்திருப்பேன். அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "நேத்து எத்தனை பலாக்கொட்ட தின்னான்னு அவன்கிட்ட கேளு."

தம்பி சிரித்தான். தமிழ் விளங்கும் சிங்கள ஆட்டோக்காரரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நான் இன்னொன்றும் சொன்னேன். "அங்க போனா மொதல்ல ஊசியத்தான் குத்துவாங்க. ரத்தம் எடுப்பாங்க. அப்புறம் அது நிக்கலன்னா நீதான் துவாயை வச்சிகிட்டு நிக்கணும்." அந்தப் பயம் பொய் இல்லை. அம்மா கையிலிருந்த துவாய் என் கண்ணைவிட்டு என்றைக்கும் போனதில்லை. ஆனால் அன்று அந்தப் பயத்தை என் வாதத்துக்கு ஒரு சாட்சியாகத்தான் பயன்படுத்தினேன்.

"யமுத சேர்?" போவோமா என்று ஆட்டோக்காரர் என்னைத்தான் கேட்டார். உட்கார்ந்திருந்தவன் தம்பி, கூப்பிட்டவள் அவன் மனைவி. கேட்டது என்னை. நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். தம்பி இறங்கினான். ஆட்டோ திரும்பிப் போனது.

அதற்கடுத்த வாரம், பின்னேரம், நான் விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். தம்பி கீழேயிருந்து ஏறி வருவது தெரிந்தது. கையில் ஒரு பை. பாதி வழியில் நின்றான். பிறகு கொஞ்சம் ஏறினான். ஓரமாக இருந்த ஒரு ரப்பர் மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, நெற்றியை அதில் சாய்த்துக்கொண்டு நின்றான். பை கீழே விழுந்து ஏதோ உருண்டு போனது.

நான் எழுந்து நின்று சத்தமாகக் கூப்பிட்டேன்.

"என்னாடா அமோனியா, மரத்தோட கல்யாணமா?"

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அத்தனை தூரத்திலும் அவன் சிரிக்க முயன்றது தெரிந்தது. ஒரு கையை எடுத்து ஆட்டினான். நான் திரும்பி உள்ளே பார்த்து, தேத்தண்ணீர் போடச் சொல்லி மனைவிக்குக் குரல் கொடுத்தேன். மறுபடி பார்த்தபோது அவன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். கொளுத்தும் வெயிலில் இளைப்பாறுகிறான் என்றே நினைத்தேன். என் மனைவிதான் விறாந்தைக்கு வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, அவரு ஒக்காரலங்க, விழுந்திருக்காரு" என்றாள்.

நான் இறங்கினேன். இறங்குமுன் செருப்பைத் தேடினேன். இதை எழுத வேண்டுமா என்று பல நாள் யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். உள்ளே போய்க் கட்டிலடியில் குனிந்து செருப்பைத் தேடி, போட்டுக்கொண்டுதான் இறங்கினேன்.

அவன் உடம்பெல்லாம் வேர்த்து நனைந்திருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பையிலிருந்து உருண்டவை எனக்குக் கொண்டுவந்த கொடித்தோடைப் பழங்கள்.

அதே ஆட்டோதான் வந்தது. இந்த முறை ஆட்டோக்காரர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பாதை நெடுகிலும் தம்பியின் தலை அவன் மனைவியின் மடியில் கிடந்தது. நான் அவன் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களைப் பொருத்திப் பார்த்தார்கள். பெரிய மாரடைப்பு. கட்டியைக் கரைக்கும் ஊசி போட ஆயத்தம் செய்தார்கள். அப்போது அவன் மனைவி பழைய கிளினிக் கொப்பியை நீட்டினாள். அதைப் படித்த இளம் பெண் டாக்டரின் முகம் மாறிவிட்டது. ஊசியைக் கொண்டுவந்த நர்ஸை அப்படியே நிற்கச் சொன்னார். உள்ளே போய் யார் யாருக்கோ போன் எடுத்தார். எங்களுக்கு அது விளங்கவில்லை. அவசரமென்று ஓடி வந்திருக்கிறோம், ஏன் இவர்கள் நிற்கிறார்கள் என்று நான் கோபப்பட்டேன்.

டாக்டர் திரும்பி வந்து கேட்டார். இதற்கு முன் இந்த வலி வந்திருக்கிறதா? எவ்வளவு காலமாக?

 தம்பியின் மனைவிதான் சிங்களத்தில் சொன்னாள், பொங்கல் சமயத்திலிருந்தே என்று. அப்படியானால் ஏன் அப்போதே வரவில்லை என்று கேட்டார் டாக்டர். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு டாக்டரிடம் திரும்பி, "எங்களுக்குத் தெரியவில்லை" என்றாள். எங்களுக்கு என்றாள்.

கொழும்புக்கு அனுப்ப அம்பியூலன்ஸ் வரும்வரை காத்திருந்தபோது நான் அந்த டாக்டரிடம் போனேன். என் சித்தாந்தத்தை ஒரு சந்தேகம்போலக் கேட்டேன். இரத்தம் உறையாத ஒருவனுக்கு எப்படிக் குழாய் அடைக்கும்?

அவருக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். களைத்துப் போயிருந்தார். ஆனாலும் நின்று சொன்னார். குழாயின் சுவரில் கொழுப்புப் படிவதற்கும் இரத்தம் உறைவதற்கும் சம்பந்தம் இல்லை, யாருக்கும் படிவதுபோல அது இவருக்கும் வருடக்கணக்காகப் படிந்திருக்கிறது. அந்த வலி கட்டியால் வந்தது இல்லை, ஒடுக்கத்தால் வந்தது. மேடு ஏறும்போது இதயம் கூடுதலாக இரத்தம் கேட்கிறது, ஒடுங்கிய குழாயால் கொடுக்க முடியவில்லை. பிறகு ஒரு நாள் அந்தக் கொழுப்புப் படிவு வெடிக்கிறது. உடனே குருதிச் சிறுதட்டுகள் ஓடிவந்து ஒட்டிக்கொள்கின்றன. அவை உங்கள் தம்பிக்கு நன்றாகவே இருக்கின்றன. அதற்கு அடுத்து நார் வலை பின்னும் வேலைதான் அவருக்குப் பலவீனம். ஆகவே கட்டி மெதுவாக, தளர்வாக உருவாகும். அகலமான குழாயென்றால் ஓடுகிற இரத்தம் அதை அடித்துக்கொண்டு போயிருக்கலாம். ஊசித் துளைபோல ஒடுங்கிய இடத்தை அடைக்கத் தளர்வான சின்னக் கட்டியே போதும்.

"நீங்கள் நினைத்ததில் கொஞ்சம் உண்மை இருக்கிறது" என்றார், என்னைத் தேற்ற நினைத்திருப்பார். "இப்படியான நோயாளிகளுக்கு இது கொஞ்சம் குறைவாக வரலாம். ஆனால் வராது என்று இல்லை. வந்தால் எங்கள் கைகள் கட்டப்பட்டுவிடும். கட்டியைக் கரைத்தால் வேறெங்காவது இரத்தம் பெருகும். அதை நிறுத்த, குறைகிற காரணியைக் கொடுத்தால் கட்டி இன்னும் இறுகும். வலி தொடங்கியபோதே வந்திருந்தால் ஆறுதலாக யோசித்து, அளந்து செய்திருக்கலாம்."

குருதிச் சிறுதட்டு, நார் வலை, எல்லாம் நான் கரும்பலகையில் படம் போட்டுப் படிப்பித்த பாடம். எத்தனையோ பிள்ளைகள் அதை என்னிடம் கற்றுப் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாமல் இருக்கவில்லை. ஒரு பகிடி பாடத்தைவிடப் பெரிதாக வளர்ந்து அதை மறைத்துவிட்டது. ஸ்டோரில் அமோனியா போட்ட பால்கூட, குழாயின் ஒடுங்கிய முழங்கை வளைவில் அழுக்கோடு சேர்ந்து கட்டி நின்றுவிடும். சின்ன வயதில் ஈர்க்குச்சியால் அதைக் குத்தி எடுத்தவன் நான். அந்த உவமையையாவது கடைசிவரை யோசித்திருக்கலாம்.

கொழும்பில் காரணியை அளந்து கொடுத்துக்கொண்டே குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அவர்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் இதயத்தில் பெரிய பகுதி அதற்குள் செத்துவிட்டிருந்தது. தம்பியின் பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது, கையெல்லாம் கருநீலமாக வீங்கியது. வீட்டுக்கு வந்தபோது பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கியது. அதற்குப் பிறகு அவன் என் வீட்டுக்கு ஏறி வரவே இல்லை. நான்தான் தினமும் இறங்கிப் போனேன்.

பார்க்க வந்தவர்களிடம் அவன் சிரித்துக்கொண்டு சொல்லுவான்: "அமோனியா தோத்திருச்சு. ஆசிட்டு ஜெயிச்சிருச்சு."

ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னேன். "டேய், அன்னைக்கு நான் ஆட்டோவ திருப்பி அனுப்பியிருக்கக் கூடாதுடா."

"விடுங்கண்ணே" என்றான். "ஊசிக்குப் பயந்துகிட்டு நானும் சந்தோசமாத்தானே எறங்குனேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "ஆனா அவ கேட்டா பாருங்க, வலி எங்கருந்து வருதுன்னு. அப்ப நீங்க கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்ணே" என்றான். குரலில் கோபம் இல்லை. வானம் இருட்டுது, மழை வரும்போல என்று சொல்வதைப்போலத்தான் சொன்னான்.

தீபாவளிக்கு முந்திய அடைமழையில் ஒரு மத்தியானம் அவன் போய்ச் சேர்ந்தான். பழைய ஸ்டோர் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து பஜாரில் ஒரு பெனர் கட்டினார்கள். வெள்ளைத் துணியில் அவன் படம். கீழே அவன் சொந்தப் பெயரைவிடப் பெரிய எழுத்தில், 'எங்கள் அமோனியா அண்ணனுக்குக் கண்ணீர் அஞ்சலி.' மழையில் நனைந்தபடி அது வாரக்கணக்கில் தொங்கியது. பஸ்ஸுக்குப் போகும்போதெல்லாம் நான் அதன் கீழேதான் போக வேண்டியிருந்தது.

தம்பியின் மனைவி இன்றும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். போனால் தேத்தண்ணீர் தருகிறாள். அன்றைக்கு டாக்டரிடம் அவள் சொன்ன 'எங்களுக்கு' என்ற வார்த்தையைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதில்லை. அவள் ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர், சாப்பிட்ட பிறகு நெஞ்சு கரிக்கிறது என்று வேலியோரம் நின்று சொன்னார். அது அநேகமாக வாயுதான், எனக்கே தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அவரை ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான், என் தம்பி எனக்காக ஓடி வந்த அன்றுபோல, என் காலிலும் செருப்பு இல்லை என்பதைப் பார்த்தேன்.